எந்த கம்பெனி லேப்டாப் நல்லது? – எங்க ஊர் வழியா ஒரு சரித்திரம்

மென்பொருள் துறையில் வேலை என்று சொன்ன அடுத்த நிமிஷம் வரும் கேள்வி இது. "தம்பி, வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கணும், எந்த கம்பெனி நல்லது?" நிரல் எழுதுறவனுக்கு ஹார்டுவேர் அத்துப்படின்னு யார் கிளப்பிவிட்டாங்களோ! ஆனா கேட்கிறவங்களுக்கு இது விளையாட்டு இல்லை. பெரும்பாலும் வீட்டில் ஒரு பிள்ளை காலேஜ் சேர்கிற வருஷமாக இருக்கும். ஃபீஸ் கட்டியது போக மிச்சப் பணத்தில் வாங்குறது, படிப்பு முடியும் வரைக்கும் தாங்கணும். அதனால் ஒரு பேரைச் சொல்லிட்டு நழுவாமல், அந்தப் பேர்களுக்குப் பின்னால் இருக்கும் கதையைச் சொல்லலாம்னுதான் இந்தப் பதிவு. கதையில் எங்க ஊருக்கும் பங்கு இருக்கு.

புதுச்சேரின்னா ஆசிரமம், பிரெஞ்சுத் தெரு, அப்புறம் அந்த 'இன்னொரு' சமாச்சாரம். கம்ப்யூட்டர் யாருக்கும் ஞாபகம் வராது. ஆனா எச்.சி.எல்., விப்ரோ, ஏசர், லெனோவோ என நாலு பேருமே இங்கே கம்ப்யூட்டர் ஆலை நடத்தியவர்கள். எச்.சி.எல். ஆலை இருந்தது சேதராப்பட்டில்.

ஏன் இங்கே? வரிதான் சாமி! 1993-ல் மத்திய அரசு, தொழிலில் பின்தங்கிய மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஆலை தொடங்கினால் முதல் ஐந்து வருஷ லாபத்துக்கு முழு வருமான வரி விலக்கு என்றது. அந்தப் பட்டியலில் புதுச்சேரியும் உண்டு. பக்கத்திலேயே சென்னை துறைமுகம், விமான நிலையம். சிப்பும் திரையும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும், இங்கே பூட்டி, சோதித்து, பெட்டியில் போட்டு அனுப்புவார்கள். பெட்டியின் மேல் என்ன பேர் இருந்தாலும் உள்ளே இருப்பது பல நாட்டுச் சரக்குதான். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

இந்தியா 1997-ல் சேர்ந்த தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தப்படி 2005-க்குள் முழு கம்ப்யூட்டர் இறக்குமதிக்கும் சுங்க வரி பூஜ்யமானது. இங்கே பூட்டுவதில் இருந்த லாபம் கரைந்தது. விப்ரோ, எச்.சி.எல். ரெண்டுமே 2013-ல் கம்ப்யூட்டர் தயாரிப்பை விட்டன. 1976-ல் ஆரம்பித்த எச்.சி.எல்., நம்ம ஊர்க்காரர் ஷிவ் நாடார் கட்டிய கம்பெனி, ஒரு காலத்தில் இந்திய வீடுகளுக்கு எல்லாம் தெரிந்த பேர். அந்தப் பேரை நம்பி வாங்கினவங்களுக்கு அடுத்த கம்ப்யூட்டரை அதே பேரில் வாங்க வழியில்லாமல் போச்சு.

இப்போ லெனோவோ கதை. 1992-ல் ஐபிஎம் கொண்டு வந்த திங்க்பேட், கறுப்புப் பெட்டி, நடுவில் சிவப்புப் பொட்டு, உழைப்புக்குப் பேர் போனது. 2004 டிசம்பரில் ஐபிஎம் தன் கம்ப்யூட்டர் பிரிவையே 175 கோடி டாலர் மதிப்பில் லெனோவோவுக்கு விற்பதாக அறிவித்தது. 2005 மே மாதம் கைமாறியது. "சீனாக்காரன் கைக்குப் போயிடுச்சு, இனி தொடாதே"ன்னு அப்போ நிறைய பேர் சொன்னாங்க. ஆனா திங்க்பேட்டை வடிவமைத்த ஜப்பானின் யமாட்டோ ஆய்வகத்து ஆட்களும் சேர்ந்தேதான் லெனோவோவுக்குப் போனார்கள். முதலாளி மாறினார், பொறியாளர்கள் மாறவில்லை. சட்டையைப் பார்த்து ஆளை எடை போட்ட கதைதான்.

அடுத்தது 2006. பேட்டரி தீப்பிடித்த வருஷம். ஆகஸ்டில் டெல் 41 லட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அதே மாதம் ஆப்பிள் 18 லட்சம். செப்டம்பரில் லெனோவோவும் ஐபிஎம்மும் சேர்ந்து 5 லட்சத்துக்கு மேல். மூணு கம்பெனிக்கும் பேட்டரி செல் செய்தது ஒரே ஆள்: சோனி. "டெல் வேண்டாம்பா, ஆப்பிள் வாங்கு"ன்னு அன்னைக்கு ஒருத்தர் சொல்லியிருந்தால், அதே செல்லைத்தான் அதிக விலைக்கு வாங்க வச்சிருப்பார்!

2008-ல் இன்னொன்று. என்விடியா கிராஃபிக்ஸ் சிப்புகள் சிலவற்றில் சூடு ஏறி இறங்க ஏறி இறங்க உள் இணைப்பு விட்டுப்போனது. அந்தச் செலவுக்காக அந்தக் கம்பெனி 19.6 கோடி டாலர் வரை ஒதுக்கியது. ஹெச்பி, டெல், ஆப்பிள் என எல்லார் மாடலிலும் அந்தச் சிப் இருந்தது. மேலே ஞாபகம் வச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான்.

"அப்போ பிராண்டே முக்கியம் இல்லையா?"ன்னு கேட்பீங்க. 2009-ல் அமெரிக்காவில் வாரண்டி விற்கும் ஸ்கொயர்ட்ரேட், 30,000 லேப்டாப்களின் கணக்கை வெளியிட்டது. மூணு வருஷத்தில் பழுதாகும் வாய்ப்பு ஆசுஸ், தோஷிபாவுக்கு சுமார் 16 சதவீதம், கடைசியில் இருந்த ஹெச்பிக்கு 25.6. ஆக, வித்தியாசம் உண்டு. ஆனா அதே கணக்கில் இன்னொரு விஷயம்: செயலிழந்த 31 சதவீதத்தில், 10.6 சதவீதம் நாமே கீழே போட்டதும் தண்ணி கொட்டினதும். மூணில் ஒண்ணு நம்ம கைங்கரியம்!

இன்னொரு வேடிக்கை. அன்னைக்குப் பட்டியலில் இரண்டாவதாக இருந்த தோஷிபா, 2018-ல் கம்ப்யூட்டர் தொழிலின் 80.1 சதவீதத்தை ஷார்ப்புக்கு விற்று, 2020-ல் மிச்சத்தையும் கொடுத்துவிட்டது. மூன்றாவதாக இருந்த சோனி 2014-லேயே வையோவை விற்றுவிட்டது. பிராண்டு பட்டியலுக்கு ஆயுள் அவ்வளவுதான்.

சரி, கேட்கிற மாமாவுக்கு என்ன சொல்றது? நான் சொல்வது இது.

1. கம்பெனி பேரை விட வரிசையைப் பாருங்க. ஒரே கம்பெனி அலுவலகத்துக்கு ஒரு வரிசை, வீட்டுக்கு மலிவாக ஒரு வரிசைன்னு செய்யும். ரெண்டுக்கும் மூடியைத் தாங்கும் கீல் கூட வேற.

2. நம்ம ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கா, வீட்டுக்கு ஆள் வருவாங்களான்னு முதலில் கேளுங்க. ஒவ்வொரு தடவையும் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது நம்ம பஸ் காசு, நம்ம லீவு.

3. பின்மூடியைத் திறந்து ராம், டிஸ்க், பேட்டரி மாற்ற முடிகிற மாடலாகப் பாருங்க. ஒட்டிவிட்டதாக இருந்தால் ஒன்று போனாலும் செலவு பெருசு.

4. கடற்கரைக்குப் பக்கத்து வீடா? உப்புக்காற்று உலோக இணைப்புகளை அரிக்கும். ஜன்னலோரம் திறந்தே வைக்காதீங்க.

5. கீழே விழுந்தால், தண்ணி பட்டால் சாதாரண வாரண்டி உதவாது. காலேஜ் பிள்ளைக்கு வாங்கினால் விபத்துப் பாதுகாப்பும் சேர்த்து வாங்குங்க. அந்த 10.6 சதவீதத்துக்கு மருந்து அதுதான்.

மத்திய அரசு 2023 ஆகஸ்டில் லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம்னு அறிவித்து, மறுநாளே அக்டோபர் கடைசி வரை தள்ளிவைத்தது. உள்ளூர் உற்பத்திக்கு அதே வருஷம் 17,000 கோடி ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தது. 2024 செப்டம்பரில் லெனோவோ தன் புதுச்சேரி ஆலையில் வருஷத்துக்கு 50,000 ஏ.ஐ. சர்வர்கள் செய்யப்போவதாகச் சொன்னது. வரிச்சலுகைக்காக வந்த தொழில் இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்கு, சந்தோஷம்.

உங்க ஊர் அனுபவத்தில் எந்த லேப்டாப் எத்தனை வருஷம் உழைச்சது? கம்பெனி பேரோடு மாடல் பேரையும் சேர்த்து பின்னூட்டத்தில் போடுங்க. நாலு பேருக்கு உபயோகமாக இருக்கும்.