தானே வரவழைத்த நோய்: ஸ்டீராய்டு வரலாற்றின் மறுபக்கம்

ப்ரெட்னிசோலோன், டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரைகள் இன்று கந்தர்வக்கோட்டை போன்ற ஊர்களின் மருந்துக்கடைகளிலும் இருக்கின்றன. ஆஸ்துமா முதல் முடக்குவாதம் வரை பலருக்கு இது அருமருந்து. ஆனால் இதே மாத்திரையை ரகசியமாக விழுங்கி, நோயை வரவழைத்துக்கொண்டவர்களும் உண்டு.

1932-ல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் ஒரு நோயை விவரித்தார். முகம் நிலவுபோல் உருளும். வயிற்றில் ஊதா நிறக் கோடுகள் விழும். ரத்த அழுத்தம் ஏறும், எலும்பு பலமிழக்கும். உடலில் கார்ட்டிசால் ஹார்மோன் அளவுக்கு மீறுவதே காரணம் என்பது பிறகு தெளிவானது.

1948-ல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச், முடக்குவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட வைத்தார். சில நாட்களிலேயே அவர் நடந்தார். 1950-ல் ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் மருந்து அதிகமானால் குஷிங் சொன்ன அதே தோற்றம் வந்தது! நோயை நகலெடுக்கும் மருந்து பிறந்துவிட்டது.

அடுத்த ஆண்டே, 1951-ல், லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 'லான்செட்' இதழில் விசித்திரமான நோயாளிகளைப் பற்றி எழுதினார். பொய்க்கதை சொல்லி மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கும் அவர்கள், அறுவை சிகிச்சைக்கும் துணிந்தார்கள். புளுகுக்குப் பேர்போன ஜெர்மானியப் பிரபு மன்ச்சௌசனின் பெயரை இதற்குச் சூட்டினார் ஆஷர். 1980-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டில், நோயைத் தானே உண்டாக்கிக்கொள்வது ஒரு மனநோயாக இடம்பெற்றது. பணத்துக்காகவோ விடுப்புக்காகவோ நடிப்பது வேறு. இவர்களுக்குத் தேவை நோயாளி என்ற இடம்தான்.

இந்த இரு வரலாறுகளும் சந்தித்தபோது மருத்துவர்கள் திணறினார்கள். கார்ட்டிசால் மாத்திரையே விழுங்கினால், ரத்தப் பரிசோதனை அட்ரினல் சுரப்பியில் கட்டி இருப்பதுபோலக் காட்டும். தேவையில்லாத அறுவை சிகிச்சை வரை போகலாம். டெக்சாமெத்தசோன் என்றால் கதையே தலைகீழ்: உடம்பு குஷிங் நோய் என்கிறது, ரத்தத்திலோ கார்ட்டிசால் குறைவு! சுருங்கிய அட்ரினல் சுரப்பிகளும், சிறுநீரில் செயற்கை ஸ்டீராய்டைத் தேடும் நுட்பமான சோதனையும்தான் உண்மையை உடைத்தன.

உண்மை தெரிந்ததும் மாத்திரையைப் பிடுங்கிவிட முடியாது. நெடுநாள் தூங்கிப்போன சுரப்பி விழிப்பதற்குள் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. படிப்படியாகக் குறைக்க வேண்டும், மனநல சிகிச்சையும் வேண்டும். நோய் பொய்யாக இருக்கலாம். ஆனால் நோயாளி பொய்யில்லை.