பத்து டாலர் நிலம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் வெக்ரவில் என்றொரு சின்ன ஊர். அங்கே அலுமினியத்தால் செய்த ராட்சத முட்டை ஒன்று நிற்கிறது. உக்ரைனியர்கள் ஈஸ்டருக்கு மெழுகும் சாயமும் வைத்து முட்டை ஓட்டின் மேல் நுணுக்கமாகக் கோலம் வரைவார்கள். பிசங்கா என்று அதற்குப் பெயர். அதன் பெரிய வடிவம்தான் இது. 1975ல் நிறுவினார்கள்.

கணினி வரைகலையின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இது தட்டுப்பட்டது. தட்டையான தகடுகளை ஒட்டி ஒரு முட்டையை எப்படிச் செய்வது? கையில் தயாராக எந்தச் சூத்திரமும் இல்லை. யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ரொனால்ட் ரெஷ் அதற்கான வடிவக்கணிதத்தைக் கணினியில் எழுதித் தீர்த்தார். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் ரசித்துப் பேசும் கதை.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு தகவல். அந்த முட்டை, ஆல்பர்ட்டாவுக்குக் கனடியக் குதிரைப்படைப் போலீஸ் வந்ததன் நூற்றாண்டுக்காக வைக்கப்பட்டது. குடியேறிகளுக்குப் போலீஸ் தந்த அமைதிக்கும் பாதுகாப்புக்கும் அது நன்றி சொல்கிறது. உக்ரைனிய முட்டைக்கும் போலீஸுக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் கேள்வியோடு போனபோதுதான் வசில் எலனியாக் என்ற விவசாயியிடம் வந்து சேர்ந்தேன்.

எலனியாக் பிறந்தது 1859ல். ஊர் நெபிலிவ், கார்ப்பேத்திய மலையடிவாரக் கிராமம். இன்று மேற்கு உக்ரைனில் இருக்கிறது. அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியா மாகாணத்தில் இருந்தது. அங்கே பண்ணையடிமை முறை 1848லேயே ஒழிந்துவிட்டது. காகிதத்தில். காடும் மேய்ச்சலும் பண்ணையார்களிடமே தங்கிவிட்டன. விவசாயிக்குக் கிடைத்த துண்டு நிலமோ பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துச் சுருங்கிக்கொண்டே போனது. பெரும்பாலான குடும்பங்களிடம் 5 ஹெக்டேர்கூட இல்லை. அடுப்புக்கு விறகு பொறுக்கவும் பண்ணையார் தயவு வேண்டும்.

1891ல் எலனியாக்கும் அதே ஊர்க்காரரான இவான் பிலிபிவும் கப்பலேறினார்கள். கனடாவுக்கு வந்த உக்ரைனிய விவசாயிகளில் முதல் இருவராக வரலாறு இவர்களைத்தான் குறித்து வைத்திருக்கிறது. ஊருக்குத் திரும்பிப் போய்க் கனடாவைப் பற்றிப் பேசிய பிலிபிவை, ஆட்களைக் கிளப்பிவிடுகிறார் என்று கைதுசெய்து சிறையில் போட்டார்கள். ஆனால் செய்தி பரவிவிட்டது. 1914க்குள் சுமார் 1,70,000 பேர் கனடா வந்து சேர்ந்தார்கள்.

அவர்களை இழுத்தது ஒரு சட்டம். 1872ன் டொமினியன் நிலச் சட்டப்படி, பத்து டாலர் கட்டினால் 160 ஏக்கர். மூன்று வருடம், வருடத்துக்கு ஆறு மாதமாவது அங்கே குடியிருக்கணும், வீடு கட்டணும், சொன்ன அளவு நிலத்தை உழணும். செய்துவிட்டால் பட்டா உங்களுடையது. 5 ஹெக்டேர் என்பது 12 ஏக்கர் சொச்சம். அதுகூட இல்லாதவனுக்கு 160 ஏக்கர் என்றால் எப்படி இருந்திருக்கும்!

அந்த நிலத்தை அளந்த விதம் எக்செல் தாள் மாதிரி. ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப். அதில் 36 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்தின் கால்வாசியும் 160 ஏக்கர். ஓடை, குன்று எதையும் கோடு பொருட்படுத்தாது. கலீசியாவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். வயல் ஊருக்கு வெளியே. இங்கே அவனவன் கட்டத்துக்குள் அவனவன் வீடு. பக்கத்து வீடு என்றால் அரை மைல் நடக்கணும்.

அந்தக் கட்டங்கள் காலியாகவும் இருக்கவில்லை. எலனியாக் பின்னாளில் குடியேறிய பகுதி, 1876ல் க்ரீ முதலான பூர்வகுடிகளோடு போட்ட ஆறாவது ஒப்பந்தத்தின் எல்லைக்குள் வருகிறது. அந்த ஒப்பந்தம் பூர்வகுடிகளுக்கு ஒதுக்கியது, ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் என்ற கணக்கில். மீதியைத்தான் அரசு பத்து டாலருக்குக் கொடுத்தது. பண்ணையாரின் காகிதத்திடம் நிலம் இழந்தவர்கள், இன்னொருவரிடமிருந்து காகிதத்தால் வாங்கிய நிலத்தில் வந்து இறங்கினார்கள். இதை அவர்கள் அறிந்து செய்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இலவசம் என்ற சொல்லைக் கேட்கும்போது இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

எலனியாக் முதலில் மனிடோபாவில் மென்னோனைட் விவசாயிகளிடம் கூலி வேலை பார்த்தார். 1890களின் கடைசியில்தான் ஆல்பர்ட்டாவின் சிப்மன் பக்கம் சொந்த நிலத்துக்கு வந்தார். அந்த வட்டாரம் திறந்த புல்வெளி இல்லை. பாப்ளர் மரங்கள் அடர்ந்த பூமி. தெற்கே உடனே ஏர் பூட்டக்கூடிய வெட்டவெளி கிடைத்தும் உக்ரைனியர்கள் பெரும்பாலும் இந்த மரக்காட்டையே கேட்டு வாங்கினார்கள். சொந்தக்காரர்கள் பக்கத்தில் இருக்கணும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, விறகு. ஊரில் எது மறுக்கப்பட்டதோ அதைத்தான் முதலில் தேடினார்கள். மரத்தை வெட்டி, வேரைக் கிளப்பிய பிறகுதான் உழவே முடியும்.

முதல் குளிர்காலத்துக்குப் பலருக்கும் வீடு என்பது ஒரு பள்ளம். மண்ணைத் தோண்டி, மேலே கம்புகளைச் சாய்த்து, புல்வேரோடு பெயர்த்த மண்கட்டிகளால் மூடிவிடுவார்கள். பூர்தேய் என்பார்கள். ஆண்கள் கைச்செலவுக்கு ரயில்பாதை வேலைக்கும் சுரங்கத்துக்கும் மாதக்கணக்கில் போய்விட, வேர் கிளப்பியது, தோட்டம் போட்டது, சுவருக்கு மண் பூசியது எல்லாம் பெண்கள். ஆனால் பட்டா அவர்கள் பேரில் வராது. 1876 முதல், விதவைபோலக் குடும்பத்துக்குத் தானே தலைமையாக நிற்கும் பெண் மட்டும்தான் இந்த நிலத்துக்கு மனு போடலாம்.

இவர்கள் விதைத்த கோதுமைக்கும் ஒரு கதை உண்டு. மேற்குக் கனடாவில் அன்று பேர்பெற்றது ரெட் ஃபைஃப். 1840களில் ஒன்டாரியோவின் டேவிட் ஃபைஃப் என்ற விவசாயிக்கு ஸ்காட்லாந்து வழியாக வந்த விதை. மூலம் கலீசியா என்று கருதுகிறார்கள். அதாவது கலீசிய விவசாயிக்கு முன்பே கலீசியக் கோதுமை கனடா வந்துவிட்டது. பிறகு அதை ‘ஹார்ட் ரெட் கல்கத்தா’ என்ற இந்தியக் கோதுமையோடு கலந்து மார்க்விஸ் ரகத்தை உருவாக்கினார்கள். அது சில நாள் முன்னதாகவே விளைந்துவிடும். உறைபனிக்கு முன்னால் அறுத்தாக வேண்டிய ஊரில் அந்தச் சில நாளில்தான் ஒரு வருஷத்துச் சாப்பாடு இருந்தது.

கோதுமையிடம் யாரும் குடியுரிமை கேட்கவில்லை. விவசாயியிடம் கேட்டார்கள். 1914ல் போர் வந்ததும், ஆஸ்திரியப் பேரரசின் காகிதத்தோடு வந்து இன்னும் பிரிட்டிஷ் பிரஜையாகாதவர்கள் எல்லாம் ‘எதிரி நாட்டார்’ ஆனார்கள். எந்தப் பேரரசை விட்டு ஓடிவந்தார்களோ அதன் ஆட்களாகவே பார்க்கப்பட்டார்கள். 80,000 பேருக்கு மேல், பெரும்பாலும் உக்ரைனியர்கள், பதிவுசெய்துகொண்டு குறித்த நாளில் போய்த் தலைகாட்ட வேண்டியிருந்தது. 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் 5,000க்கும் மேற்பட்டவர்கள் உக்ரைனியர்கள். பெரும்பாலும் வேலையில்லாத கூலிகள். ராக்கி மலைகளில் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குச் சாலை போட்டார்கள். ஆல்பர்ட்டாவில் இவர்கள் மேல் கண் வைத்திருந்தது அதே குதிரைப்படைப் போலீஸ்தான்.

சரி, பட்டா வாங்கிப் பிரஜையானவர்கள் தப்பித்தார்களா? 1917ல் இன்னொரு சட்டம். எதிரி நாடுகளில் பிறந்து, 1902 மார்ச்சுக்குப் பிறகு பிரஜையானவர்களில் பெரும்பாலோரின் ஓட்டுரிமையை அது பறித்தது. அரசு கேட்டபடி காட்டைத் திருத்தி, அரசு கேட்டபடி உறுதிமொழி எடுத்தவர்கள். தேர்தல் வந்தபோது அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை.

1947 வரை கனடியக் குடியுரிமைக்கு என்று தனிச் சட்டம் கிடையாது. எல்லோரும் பிரிட்டிஷ் பிரஜைகள். அந்த வருடம் ஜனவரி 3ஆம் தேதி ஒட்டாவாவின் உச்ச நீதிமன்றக் கட்டடத்தில் முதல் குடியுரிமை விழா நடந்தது. முதல் சான்றிதழ் பிரதமர் மெக்கன்ஸி கிங்குக்கு. அதே மேடையில் சான்றிதழ் வாங்கியவர்களில் ஒருவர் 87 வயது எலனியாக். வந்து இறங்கி 55 வருடம் ஆகியிருந்தது.

அரசு அன்று அவரை மனதார மதித்தது என்றே நினைக்கிறேன். ஆனால் முகாம் ஆவணங்களில் பெரும்பகுதியை அரசே 1950களில் அழித்துவிட்டது. அப்படி ஒன்று நடந்ததை ஒப்புக்கொள்ளும் சட்டம் வர 2005 ஆனது. எலனியாக் 1956லேயே இறந்துவிட்டார்.

வெக்ரவில் முட்டையை வைத்தவர்கள் இந்த வரலாறு தெரியாதவர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அப்பாவோ தாத்தாவோ போலீஸில் பெயர் பதிந்திருந்தால் வீட்டில் அது பேசாத பேச்சாகிவிடும். பிள்ளைகளுக்கு இந்த மண்ணில்தானே பிழைப்பு. நன்றி சொல்வதும் குடியேறியவர் கட்டும் ஒரு தவணைதான். அந்தப் பத்து டாலரில் அது சேர்த்தியில்லை.