ஒரு வேரும் நான்கு கிளைகளும்

சொல்லுக்குச் சமயம் உண்டோ? உண்டென்று வாதிடுவோரை ஒடுகத்தூர்ப் பக்கம் வருமாறு அழைக்கிறோம்.

பட்டா மாறுதல் கோரும் ஒடுகத்தூர் உழவர், ஆண்டுதோறும் அணைக்கட்டு வட்ட அலுவலகத்தில் நடைபெறும் ஜமாபந்திக்கு மனுவுடன் செல்கிறார். ஆம்பூர்த் தோல் தொழிலாளி வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்ஆத் தொழுகைக்குச் செல்கிறார். அவர் ஊர் வழக்கைப் பேசித் தீர்ப்பது ஜமாஅத். ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் 1924ஆம் ஆண்டு தோன்றிய கல்விக்கூடத்தின் பெயர் ஜாமியா தாருஸ்ஸலாம்.

இந்நான்கும் ஜீம், மீம், ஐன் எனும் மூன்றெழுத்து அரபு வேரில் கிளைத்தவை. வேரின் பொருள், ஒன்றுசேர்த்தல். அரபு இலக்கணத்தில் பன்மைக்கும் கணக்கில் கூட்டலுக்கும் இவ்வேரே பெயர் தந்தது. தொழுவோர் கூடினால் ஜும்ஆ. ஊரார் கூடினால் ஜமாஅத். கலைகள் கூடினால் ஜாமியா. ஜமாபந்தியிலோ கூடியது வரிப்பணம்! முகலாயர் ஆட்சியில் விதிக்கப்பட்ட வரித்தொகைக்கு 'ஜமா' என்று பெயர். 'பந்தி' என்றதும் விருந்தை எண்ணற்க. அது கட்டுதலைக் குறிக்கும் பாரசீகச் சொல். முகலாயருக்குப் பின் வந்த வெள்ளையரும் அப்பெயரை விட்டாரில்லை. திரட்டியவர் ஆள்வோர், திரண்டது உழவரின் வியர்வை.

ஒரே வேர் வழிபாட்டுக்கும் வரிக்கும் கல்விக்கும் பெயராயிற்று. அதில் புனிதம் எங்கே? தீட்டு எங்கே? கூட்டுபவர் யார், யாருக்காகக் கூட்டுகிறார் என்பதே சொல்லின் பொருளைத் தீர்மானித்தது.

இன்று ஜமாபந்திக்கு 'வருவாய்த் தீர்வாயம்' என்று தமிழ்ப்பெயர் சூட்டியுள்ளோம். வரவேற்கிறோம். பெயர் மாறினால் போதுமா? அங்கே மக்கள் கூடிக் கணக்குக் கேட்கட்டும். அன்றுதான் பொருளும் மாறும்!