ஒரு டாலர் வாடகைத் தோட்டங்கள்

1974 ஏப்ரல் மாதம் நியூயார்க் மாநகராட்சியின் வீட்டுவசதித் துறை ஒரு காலிமனையை வாடகைக்கு விட்டது. மன்ஹாட்டனின் தென்பகுதியில், பவரி வீதியும் ஹவுஸ்டன் தெருவும் சந்திக்கும் மூலை அது. மாத வாடகை ஒரு டாலர். எடுத்தவர்கள் அக்கம்பக்கத்தில் குடியிருந்த சிலர். அவர்களைத் திரட்டியவர் லிஸ் கிறிஸ்டி என்ற இளம் ஓவியர். வாடகைக்கு ஒப்புதல் கிடைக்கும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. முந்தைய ஆண்டே அந்த மனைக்குள் இறங்கி, குப்பை அள்ளத் தொடங்கியிருந்தார்கள்.

நியூயார்க்கில் இன்று சமூகத் தோட்டம் என்று அழைக்கப்படும் நூற்றுக்கணக்கான சின்னப் பூங்காக்களுக்கு இந்த மூலைதான் தாய்வீடு. அந்தத் தோட்டங்களின் கதையில் பூவும் காயும் நிறைய உண்டு. ஆனால் கதையை முன்னே தள்ளியது இன்னொரு கேள்வி: கூலி வாங்காமல் உழைத்து ஒரு மண்ணைப் பூங்காவாக்கியவர்களுக்கு அந்த மண்ணில் என்ன பாத்தியதை?

அவ்வளவு பெரிய நகரத்தின் நடுவே காலிமனை எப்படி வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1950களிலிருந்தே வசதியுள்ள குடும்பங்கள் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருந்தன. தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக வெளியேறின. லோயர் ஈஸ்ட் சைட், தெற்கு பிராங்ஸ், புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் போன்ற பகுதிகளில் எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும். அவர்கள் தந்த வாடகை கட்டடத்தைப் பராமரிக்கக்கூடப் போதவில்லை என்று சொல்லி, உரிமையாளர்கள் சொத்துவரி கட்டுவதை நிறுத்தினார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகச் சொந்தக் கட்டடத்துக்கே தீ வைத்தவர்களும் உண்டு. வரி பாக்கிக்காக மாநகராட்சி கையகப்படுத்திய வீடுகள் இடிக்கப்பட்டன. இடிபாடுகள் அங்கேயே கிடந்தன. 1975இல் நகராட்சியே திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டது. புகழ்பெற்ற சென்ட்ரல் பார்க்கிலேயே புல்வெளிகள் கட்டாந்தரையாகக் கிடந்த காலத்தில், சந்துமுனைக் குப்பைமேட்டைக் கவனிக்க யார் வருவார்கள்?

பவரி மூலையில் இறங்கியவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயர் ‘பச்சைக் கெரில்லாக்கள்’. பெயருக்கு ஏற்ற வேலையும் செய்தார்கள். வேலி போட்டு அடைத்த மனைகளுக்குள் நுழைய முடியாதபோது விதையையும் உரத்தையும் பலூன்களிலும், பழைய கிறிஸ்துமஸ் அலங்காரக் குண்டுகளிலும் நிரப்பி, வேலிக்கு மேலாக வீசினார்கள். விழுந்து உடைந்த இடத்தில், மழை பெய்தால் ஏதோ ஒன்று முளைக்கும்.

ஆனால் வீசுவதோடு நின்றிருந்தால் இந்த இயக்கம் ஒரு பருவத்தோடு முடிந்திருக்கும். பவரியில் நடந்தது முதுகொடியும் வேலை. அங்கே தரைக்கடியில் இருந்தது மண் அல்ல. இடித்த வீட்டின் செங்கல், காரை, கண்ணாடிச் சில்லு. பழைய கட்டடங்களின் பெயின்டில் இருந்த ஈயம் மண்ணில் கலந்திருக்கும் ஆபத்து வேறு. அப்படிப்பட்ட மனையில் நேரடியாகக் காய்கறி பயிரிட முடியாது. அதனால் குப்பையை அகற்றி, வெளியிலிருந்து மேல்மண் கொண்டுவந்து பரப்பி, குதிரைச் சாணத்தை உரமாக இட்டு, தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய 60 பாத்திகளை அமைத்தார்கள். முதலில் விளைந்தது காய்கறி. மரங்களும் பூச்செடிகளும் பின்னால் வந்தன.

விளைச்சலைப் பார்த்த மற்றத் தெருக்காரர்கள் வந்து கேட்டார்கள்: எங்கள் தெருவிலும் இப்படி ஒரு மனை கிடக்கிறது, என்ன செய்வது? கிறிஸ்டியின் பெரிய பங்களிப்பு அந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர் தன் தோட்டத்தோடு திருப்தியடையவில்லை. எந்தச் செடி நகரப் புழுதியில் பிழைக்கும், வேலிக்கு என்ன செய்வது, எந்த அலுவலகத்தில் யாரைப் பார்ப்பது என்று பிறருக்குக் கற்றுக்கொடுப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டார். 1985இல் புற்றுநோய் அவரை 40 வயதை எட்டுவதற்குள் கொண்டுபோனது. மறு ஆண்டு பவரி தோட்டத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பெரும்பாலும் 1973இல் தொடங்குவார்கள். அது நியாயமில்லை. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே புரூக்ளினில் ஒரு மூதாட்டி இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

ஹாட்டி கார்த்தன் 1900இல் பிறந்த கறுப்பினப் பெண்மணி. 1960களில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்டில் அவர் குடியிருந்த தெருவில் மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. அறுபது வயதைத் தாண்டிய அவர் தெருக்காரர்களைக் கூட்டிச் சங்கம் அமைத்து மரம் நடத் தொடங்கினார். மக்கள் நான்கு மரம் வாங்கினால் நகராட்சி ஆறு மரம் தரும் என்ற ஏற்பாடு அவருடைய முயற்சிக்குக் கைகொடுத்தது. அந்தப் பகுதியில் அவர் முன்னின்று நட்ட மரங்கள் 1,500 என்பார்கள். கன்றைக் காப்பாற்றுவது பிள்ளைகள் பொறுப்பு. அதற்காகவே அவர்களைக் கொண்டு ஒரு மரப்படை அமைத்துப் பயிற்சி கொடுத்தார். நட்டவர் மறந்தாலும் தண்ணீர் ஊற்றியவர் மறக்கமாட்டார் என்பதை அவர் தெரிந்துவைத்திருந்தார்.

அவருடைய பெரிய போராட்டம் ஒரே ஒரு மரத்துக்காக. லஃபாயெட் அவென்யூவில் ஒரு பெருமலர் மக்னோலியா நின்றது. 1885 வாக்கில் வட கரோலினாவிலிருந்து கன்றாக வந்தது. வெப்பமான தெற்கு மாநிலங்களுக்குரிய மரம். நியூயார்க் குளிரில் பொதுவாகத் தாங்காது. பின்னால் இருந்த பழைய வீடுகள் குளிர்காற்றை மறைத்ததால்தான் அது பிழைத்திருந்தது. அந்த வீடுகளை இடிக்கும் திட்டம் வந்தபோது, மரத்தைக் காக்க வேண்டுமானால் வீடுகளையும் காக்க வேண்டும் என்று கார்த்தன் போராடினார். 1970இல் நகராட்சி அந்த மரத்தைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. கட்டடங்களுக்குக் கிடைக்கும் அந்தத் தகுதி ஒரு மரத்துக்குக் கிடைப்பது நியூயார்க்கில் மிக அரிது. பின்னால் இருந்த வீடுகள் சுற்றுச்சூழல் கல்வி மையமாயின. கார்த்தன் செய்ததில் கவனிக்க வேண்டியது இதுதான்: அவர் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றியதோடு விடவில்லை, சட்டத்தின் காவலையும் வாங்கிக்கொடுத்தார். பின்னாளில் பல தோட்டங்களுக்கு இல்லாமல்போனது அந்தக் காவல்தான்.

தெற்கு பிராங்ஸில் கதை வேறு வண்ணம். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள் காலிமனையைச் சுத்தம் செய்ததும் அங்கே முதலில் எழுப்பியது ஒரு மரக்குடில். ‘கசீட்டா’ என்பார்கள், ஊரில் விட்டுவந்த கிராமத்து வீட்டின் சாயலில், முன்னால் திண்ணை வைத்து, பளிச்சென்ற வண்ணம் அடித்தது. சுற்றிலும் அவரை, மிளகாய், சோளம். 1970களில் ஹோசே சோட்டோ முன்னின்று உருவாக்கிய ‘ரின்கோன் கிரியோயோ’ இவற்றில் பேர்பெற்றது. ஊரார் அவரைச் ‘செமா’ என்று செல்லமாக அழைத்தார்கள்; குடிலுக்கும் ‘செமாவின் வீடு’ என்றே பெயர். போம்பா, பிளேனா என்ற போர்ட்டோ ரிக்கோ தாள இசைகளை நியூயார்க்கில் பிறந்த தலைமுறை கற்றுக்கொண்டது அந்தத் திண்ணையைச் சுற்றித்தான். நகராட்சி வரைபடத்தில் அது வெற்று மனை. அந்தத் தெருவுக்கோ அதுவே பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும்.

1978இல் நகராட்சி ‘கிரீன்தம்ப்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, மத்திய அரசின் நிதியைக் கொண்டு தோட்டக்காரர்களுக்கு மண்ணும் கருவிகளும் கொடுத்தது. பெயரளவு வாடகைக்குக் குத்தகையும் கொடுத்தது. குத்தகையில் ஒரு நிபந்தனை: நகராட்சிக்குத் தேவைப்படும்போது காலி செய்துவிட வேண்டும். நிலத்துக்கு மதிப்பே இல்லாத காலத்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு மதிப்பு ஏறியது. லோயர் ஈஸ்ட் சைடில் ‘ஏதேன் தோட்டம்’ என்று வட்ட வட்டமாகப் பரந்து கிடந்த 15,000 சதுர அடித் தோட்டத்தை 1986 ஜனவரியில் இயந்திரங்கள் ஒரே நாளில் தரைமட்டமாக்கின. அங்கே ஏழைகளுக்கு வீடு கட்டினார்கள். தோட்டமா வீடா என்ற இந்த வழக்கை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தலைக்கு மேல் கூரை இல்லாதவருக்கு வீடு வேண்டும் என்பது முழு நியாயம். ஆனால் வெற்று மனைகள் ஆயிரக்கணக்கில் கிடந்த நகரத்தில், மக்கள் திருத்திய மனைகளை ஏன் முதலில் தேட வேண்டும் என்று தோட்டக்காரர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு. தோட்டங்களின் இடத்தில் எழுந்த வீடுகள் எல்லாம் ஏழைகளுக்குப் போகவும் இல்லை.

1999இல் மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. வாங்குபவர் அந்த நிலத்தில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். தடையில்லாச் சந்தைப் பொருளாதாரத்தில் வாழ்கிறோம், கம்யூனிசத்தின் காலம் முடிந்துவிட்டது என்று வானொலியில் பேசினார் மேயர். இருபது ஆண்டுகள் தெருவைப் பெருக்கிக் கொண்டிருந்த பாட்டிகளுக்கு அவர் சொன்ன பதில் அது. எதிர்த்தவர்கள் சாலையில் உட்கார்ந்து கைதானார்கள். சூரியகாந்திப் பூவைப் போல வேடமிட்ட ஒருவர் நகர மன்றத்துக்கு எதிரே இருந்த மரத்தில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தார். மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் நீதிமன்றத்துக்குப் போனார். கடைசியில் ஏலத்துக்கு முந்தைய நாள், மே 12 அன்று, ஓர் உடன்பாடு வந்தது. நடிகையும் பாடகியுமான பெட் மிட்லர் தொடங்கிய நியூயார்க் மீட்புத் திட்டம் என்ற அமைப்பும், பொது நிலத்துக்கான அறக்கட்டளையும் சேர்ந்து 42 லட்சம் டாலர் கொடுத்து அந்தத் தோட்டங்களை வாங்கின. மக்கள் திருத்திய பொதுநிலத்தை மக்களுக்காகவே விலை கொடுத்து மீட்க வேண்டியிருந்தது.

எல்லாத் தோட்டங்களுக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. கிழக்கு ஏழாம் தெருவில் ‘எஸ்பெரான்சா’ என்ற தோட்டம் 1970களின் கடைசியிலிருந்து இருந்துவந்தது. பெயரின் பொருள் நம்பிக்கை. இடிக்க வருவார்கள் என்று தெரிந்ததும், போர்ட்டோ ரிக்கோவின் சின்னஞ்சிறு ‘கொக்கீ’ தவளையைப் பேருருவாகத் தோட்டத்து வாசலில் கட்டி, அதன் வயிற்றுக்குள் ஆட்கள் மாறி மாறி இரவுக்காவல் இருந்தார்கள். நியூயார்க்கின் குளிர்காலம் அது. 2000 பிப்ரவரி 15 அன்று காவலர்கள் வந்தார்கள். தங்களைப் பிணைத்துக்கொண்டவர்களின் சங்கிலிகளை அறுத்து, முப்பது பேருக்கு மேல் கைது செய்தார்கள். அதே நாளில் தோட்டங்களை இடிக்க நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தடை வருவதற்குள் எஸ்பெரான்சா மண்ணோடு மண்ணாகியிருந்தது.

அடுத்த மேயர் மைக்கேல் புளூம்பெர்க் 2002 செப்டம்பரில் ஸ்பிட்சரோடு சமரசம் செய்துகொண்டார். நூற்றுக்கணக்கான தோட்டங்கள் பூங்காத் துறையிடமோ அறக்கட்டளைகளிடமோ பாதுகாப்பாகச் சேர்ந்தன. 38 தோட்டங்கள் உடனே கட்டுமானத்துக்குப் போயின. மற்றும் பல, மறுபரிசீலனை என்ற பட்டியலில் தொங்கின. ரின்கோன் கிரியோயோவும் 2006இல் வீடுகளுக்கு வழிவிட்டுச் சற்றுத் தள்ளியிருந்த வேறு மனைக்கு இடம்பெயர்ந்தது. குடிலைப் புதிதாகக் கட்டினார்கள்.

இன்னொரு உண்மையும் இந்தக் கதைக்குள் உண்டு. சமூகத் தோட்டங்களுக்கு அருகிலுள்ள வீடுகளின் மதிப்பை நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். தோட்டம் வந்தபின் அக்கம்பக்கத்து மதிப்பு உயர்கிறது, ஏழைப் பகுதிகளில்தான் மிக அதிகமாக உயர்கிறது என்று கண்டார்கள். வாடகைக்குக் குடியிருந்து அந்தத் தோட்டத்தை உண்டாக்கியவருக்கு அந்த உயர்வு மாதாந்தர வாடகை ஏற்றமாகத்தான் வந்து சேர்கிறது. பாத்தி கட்டிய பலர் இன்று அந்தத் தெருவில் இல்லை.

கிரீன்தம்ப்பின் கீழ் இப்போது 550க்கும் மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. அவற்றின் கதவைத் திறப்பதும் பூட்டுவதும் இன்றும் சம்பளம் வாங்காத அக்கம்பக்கத்தார்தான். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் 20 மணி நேரமாவது பொதுமக்களுக்குத் திறந்துவைக்க வேண்டும் என்பது விதி. பவரி மூலையில் லிஸ் கிறிஸ்டி தோட்டமும் அப்படியே திறந்திருக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. ஆனால் நகராட்சி நிலத்தில் உள்ள தோட்டக் குழுக்களின் கையில் இருப்பது உரிமம் மட்டுமே. தவணை முடிந்ததும் அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.