அரை டிக்கெட்

மதுரை டவுன்ஹால் ரோட்டில், மாடியில் ஒரு டிராவல் ஏஜென்சி. மெல்போர்னுக்கு நாலு டிக்கெட் வேண்டும் என்று போய் உட்கார்ந்தேன். ஏஜென்ட் பட்ஜெட் கேட்கவில்லை, எந்த ஏர்லைன்ஸ் என்றும் கேட்கவில்லை. "சின்னவருக்கு ரெண்டு வயசு எப்ப முடியுது சார்?" என்றார்.

பிப்ரவரி 19 என்றேன். மனக்கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப பதினெட்டுக்குள்ள ஏறிருங்க. பெரியவங்க டிக்கெட்ல பத்துல ஒரு பங்குதான் வரும், மடியில வச்சுக்கலாம். பத்தொம்பதாம் தேதி ஏறுனா அவரும் ஒரு ஆள்."

அவரும் ஒரு ஆள். படியிறங்கி வரும்போது அந்த வார்த்தை கூடவே வந்தது. பதினெட்டாம் தேதி ராத்திரி வரைக்கும் என் மகன் யார்?

விமான டிக்கெட்டின் பொதுக்கணக்கு இதுதான். இரண்டு வயது முடியாத குழந்தைக்கு சீட் கிடையாது. பெரியவரின் டிக்கெட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன டிக்கெட் வரும். ஒரு பெரியவரின் மடிக்கு ஒரு குழந்தைதான். பெல்ட்டும் தனியாகக் கிடையாது, பெரியவர் பெல்ட்டில் கோத்துக்கொள்ளும் குட்டி பெல்ட் ஒன்று தருவார்கள். முன்வரிசைச் சுவரில் மாட்டும் தொட்டில் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அதற்கும் எடை வரம்பு உண்டு. என் மகன் அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டான். இரண்டு வயது முடிந்துவிட்டால் சீட் கட்டாயம், கட்டணமும் ஏறக்குறைய முழுசாக வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் சொன்னேன். அதற்கு எண்பத்தொன்பது வயது. காது கொஞ்சம் மந்தம், கணக்கு மட்டும் மந்தமில்லை.

"கைப்பிள்ளைக்குமா டிக்கெட்டு? என்னய யாரு டிக்கெட்டு எடுத்தா கூட்டிட்டுப் போனாக?"

அது கேலி இல்லை, வரலாற்றுக் கேள்வி என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது. அப்பத்தாவை 1938-ல் இரண்டு வயதுப் பிள்ளையாக இடுப்பில் தூக்கிக்கொண்டு, மானாமதுரைப் பக்கத்திலிருந்து சிலோனுக்குப் போனார்கள். ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டம். 1972-ல் நாலு பிள்ளைகளோடு அப்பத்தா திரும்பி வந்தது. அதில் ஒன்பது வயதுப் பையன் என் அப்பா. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடல் தாண்டுவது எங்கள் குடும்பத்தில் இது மூன்றாவது முறை. டிக்கெட் போடும் முறை நான்தான்.

*

'அரை டிக்கெட்' என்று பொடியன்களைக் கூப்பிடுவது நம் ஊர் வழக்கம். பஸ்ஸில் கண்டக்டர் வரும்போது "வயசு கேட்டா மூணு ஆகலைன்னு சொல்லணும்" என்று அம்மாவிடம் பயிற்சி எடுக்காத பிள்ளை மதுரையில் இருக்க முடியாது. மூன்று வயது வரை இலவசம் என்ற கணக்கு 2022-ல்தான் ஐந்து வயதாக மாறியது. அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை ஆள்.

இந்த அரைக் கணக்குக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. 1855-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் போட்ட பயணிகள் சட்டத்தில் 'ஸ்டாட்யூட் அடல்ட்' என்று ஒரு அலகு வருகிறது. சட்டம் ஒப்புக்கொள்ளும் ஆள் என்று வைத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் என்றால் ஒரு ஆள். ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் என்றால் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து ஒரு ஆள். ஒரு வயதுக்குக் கீழே என்றால் கணக்கிலேயே இல்லை. கப்பலில் எத்தனை பேரை ஏற்றலாம், ஆளுக்கு எவ்வளவு இடம், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு அரிசி என்பதெல்லாம் இந்த அலகில்தான் அளக்கப்பட்டன. டவுன்ஹால் ரோட்டு ஏஜென்ட் சொன்ன மடிக்கணக்கின் வேர் அங்கே இருக்கிறது. வயது வரம்புதான் மாறியிருக்கிறது.

சிலோனுக்குப் போன நம் ஆட்களிடையே ஆரம்பத்தில் பிள்ளைகள் குறைவு. 1830-களுக்குப் பிறகு மலைகளில் காப்பி பரவியபோது அறுவடைக் காலத்துக்குத்தான் ஆள் தேவைப்பட்டது. மதுரை, திருச்சி, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆண்கள் கங்காணியின் பின்னால் போவார்கள். மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடப்பார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் பழம் பறித்து முடித்து ஊர் திரும்புவார்கள்.

1869-ல் காப்பி இலையில் துரு மாதிரி ஒரு பூஞ்சை நோய் வந்தது. கொஞ்ச வருடங்களில் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் கிடையாது, வருடம் பூராவும் கொழுந்து எடுக்க வேண்டும். கொழுந்து எடுக்கப் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள். வந்த குடும்பம் அவ்வளவு சீக்கிரம் ஊருக்குத் திரும்பவும் திரும்பாது. அந்த ஊரில் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றிக்கொண்டுபோனது மனிதாபிமானம் இல்லை, ஒரு செடியின் இயல்பு.

*

இத்தனை பேருக்கும் டிக்கெட்டை யார் எடுத்தது?

தோட்டத்துத் துரை கங்காணியிடம் முன்பணம் கொடுப்பார். கங்காணி ஊருக்கு வந்து பழைய கடனை அடைத்து, வழிச்செலவு பார்த்து ஆள் கூட்டுவார். எல்லாம் பற்றில் ஏறும். ஆகவே மலையில் கால் வைக்கும்போதே குடும்பம் கடனாளி. தோட்டம் மாற நினைத்தால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் இந்த ஆளை அனுப்புகிறோம் என்று எழுதிய சீட்டு அது. 1921-ல்தான் அந்த முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகர டிக்கெட் வந்தது. வட்டமான சின்னத் தகடு. அதில் ஒரு எழுத்தும் எண்களும். எழுத்து தோட்டம் இருக்கும் மாவட்டத்தைக் குறிக்கும், எண் தோட்டத்தைக் குறிக்கும். கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டால் ரயிலிலும் கப்பலிலும் காசு கேட்க மாட்டார்கள், செலவு நேராகத் தோட்டத்தின் கணக்குக்குப் போய்விடும். அதில் ஊர் பேரும் இல்லை, ஆள் பேரும் இல்லை. போய்ச் சேர வேண்டிய முகவரி மட்டும் இருந்தது. ஏர்போர்ட்டில் பெட்டிக்குக் கட்டும் பட்டையைப் பார்க்கும்போதெல்லாம் இனி எனக்கு அந்தத் தகடு ஞாபகம் வரும்.

1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் கடல் தாண்டித் தலைமன்னார், அங்கே மறுபடி ரயில். அதுதான் போட் மெயில். எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் கொழும்பு வரை போகலாம். இன்று குழந்தைகளோடு போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் புத்தி, "எல்லா ஃப்ளைட்டையும் ஒரே பி.என்.ஆர்-ல போடு" என்பதுதான். முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் நேராகப் போய்ச் சேரும். போட் மெயில் அந்த வசதியை நூறு வருடத்துக்கு முன்பே கொடுத்திருக்கிறது, காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவர்களுக்கு.

தோட்டத்துக்குப் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்க வேண்டும். இந்திய மண்ணில் சிலோன் அரசாங்கம் நடத்திய முகாம் அது. அம்மை, காலரா இருக்கிறதா என்று சில நாட்கள் வைத்துப் பார்ப்பார்கள், ஊசி குத்துவார்கள், துணியை வாங்கி அவிப்பார்கள். பிறகுதான் கடல். எங்கள் ஆட்கள் போன 1938-ல் வழிச்செலவு கடனில் ஏறவில்லை. 1923-க்குப் பிறகு தோட்டங்கள் சேர்ந்து கட்டும் பொது நிதியிலிருந்து அது போனது. அப்பத்தாவின் கேள்விக்கு என்னால் தர முடிந்த பதில் அதுதான். அடுத்த வருடம் போயிருந்தால் ஏறியிருக்கவே முடியாது. 1939 ஆகஸ்ட்டில் இந்திய அரசு சிலோனுக்குத் தோட்டக்கூலி போவதைத் தடைசெய்தது. மலாயாவுக்கு அதற்கு முந்தைய வருடமே தடை. எங்கள் கதையே அந்த ஒரு வருட இடைவெளியில் நுழைந்து போனதுதான்.

*

கப்பலில் அரை ஆளாக இருந்த பிள்ளை மலையில் என்ன ஆனது? 1927-ல் சிலோனில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. 1929-ல் உயர்மலைத் தோட்டங்களுக்கு நிர்ணயித்த தினக்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43, பிள்ளைக்கு 32. டிக்கெட்டில் அரை ஆளாக இருந்தது வேலையில் அரை ஆளுக்கு மேலேயே வந்துவிட்டது. அரை நாள் வேலைக்குத் தோட்டத்தில் 'அரைப் பேர்' என்பார்கள். "காலைல பெரட்டுல நிப்பேன். கங்காணி பேரு போடுவாரு. மழை வந்துருச்சுன்னா அரைப் பேருதான்" என்று அப்பத்தா சொல்லும். பேரிலேயே பாதியை வெட்டி எடுத்துக்கொள்ள முடியும் என்பது எனக்குச் சின்ன வயதில் விளங்கவே இல்லை.

பிறகு பேர் மொத்தமாகவே போனது. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். கணக்கு 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் சிலோனுக்கு. மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974-ல் அதையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் போட்ட இரண்டே மாதத்தில், டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. தாத்தா பாட்டிகள் கப்பலேறிப் போன துறை, பேரப்பிள்ளைகள் திரும்பி வரும்போது இல்லை.

அந்த ஒப்பந்தத்தில் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் ஒரு சொற்றொடர் உண்டு: அதன் இயற்கைப் பெருக்கத்தோடு சேர்த்து. அதாவது 1964-க்குப் பிறகு அந்த மக்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள். என் கடைசி அத்தை பிறந்தது 1970-ல். சட்டம் ஒப்புக்கொள்ளும் ஆளில்லை, அரை ஆளும் இல்லை. அத்தை இயற்கைப் பெருக்கம். இதைப் படித்துக் காட்டியபோது அத்தை சிரித்துவிட்டு, "வட்டி மாதிரின்னு சொல்லு" என்றது.

1972-ல் அவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கினார்கள். அப்பாவுக்குக் கடல் ஞாபகமில்லை, மண்டபம் முகாமின் வரிசைதான் ஞாபகம். அப்பத்தாவைப் போகும்போது நிறுத்திவைத்த அதே முகாமில், திரும்பி வரும்போது பிள்ளைகளோடு நிறுத்திவைத்தார்கள். அங்கே 'கள்ளத்தோணி' என்ற வசை. இங்கே சாகும்வரை 'சிலோன்காரங்க'. 1983-க்குப் பிறகு வந்த அகதிகளுக்கும் அதே மண்டபம்தான், இன்றைக்கும்.

இதை எழுதும்போது கூச்சமாகவும் இருக்கிறது. எனக்கு விசா இருக்கிறது, வேலை காத்திருக்கிறது. என் குழந்தைகள் கழுத்தில் தகடு எதுவும் தொங்கவில்லை. மூன்று பயணங்களும் ஒன்று என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் பிள்ளையை ஆளாக எண்ணலாமா வேண்டாமா என்று அப்பத்தாவைப் பெற்றவர்களை யாரும் கேட்டதில்லை. அப்பத்தாவையும் கேட்டதில்லை. என்னை ஒருவர் கேட்டுவிட்டார்.

*

மடியில் வைத்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று தேடியபோது ஒரு விபத்தைப் பற்றிப் படித்தேன். 1989 ஜூலை 19, அமெரிக்காவின் சூ சிட்டி. விமானம் நொறுங்கி இறங்கப்போகிறது. மடியில் நாலு குழந்தைகள். அப்போதைய விதிப்படி, குழந்தைகளைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் ஜான் பிரவுன் என்ற தலைமைப் பணிப்பெண். ஒரு குழந்தை இறந்தது. குழந்தைகளுக்கும் சீட் கட்டாயமாக்க வேண்டும் என்று அதற்குப் பிறகு பல வருடம் அவர் போராடினார். அரசு மறுத்தது. டிக்கெட் கட்டாயம் என்றால் குடும்பங்கள் காரில் போகும், சாலையில் இன்னும் அதிகம் பேர் சாவார்கள் என்றது. அந்த வாதத்தில் தப்பில்லாமலும் இருக்கலாம். ஆனாலும் அதுவும் ஒரு அரைக் கணக்குதான்.

அடுத்த வாரம் மறுபடி டவுன்ஹால் ரோட்டுக்குப் போனேன். பிப்ரவரி 11, கொழும்பு வழி. மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரம்தான், இரண்டு குழந்தைகளோடு சென்னை வரை அலைய வேண்டாம். "நாலு சீட்டு" என்றேன்.

"சின்னவருக்கு இன்னும் ரெண்டு ஆகலையே சார். வீணாக் காசு குடுக்குறீங்க."

"இருக்கட்டும், போடுங்க."

மனைவிக்கு அதில் பாதிச் சம்மதம்தான். அந்தப் பணத்தில் போன உடனே ஒரு சின்ன ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கலாம் என்றாள். அதுவும் நியாயம்தான்.

ராத்திரி அப்பத்தாவிடம் டிக்கெட்டைக் காட்டினேன். போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் வரிவரியாகத் தடவிப் பார்த்தது. நாலு பேர், நாலு சீட் நம்பர்.

"கொழும்பு வழியா போறீக. ஹட்டன் தெரியுமா?"

"தெரியாது அப்பத்தா. ஏர்போர்ட்டை விட்டே வெளிய வரமாட்டோம்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது. பிறகு, "திரும்பி வர்றதுக்கும் போட்டுட்டியா?" என்று கேட்டது.

ஒன்வே என்பதை அதற்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "அப்புறம் போட்டுக்கலாம் அப்பத்தா" என்றேன்.

"அப்படித்தான் எங்கய்யாவும் சொன்னாராம்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தது.