எல்லை கடவாத ஊர்

இங்கிலாந்தின் டார்பிசயர் மலைநாட்டில் ஈம் என்றொரு சிற்றூர் உண்டு. அங்குள்ள புனித லோறன்ஸ் ஆலய முற்றத்தில் நிற்கும் கற்சிலுவை அவ்வாலயத்தினும் பழையது.

1665 இல் இலண்டனிலிருந்து வந்த துணிப்பொதியோடு கொள்ளைநோய் அவ்வூரிற் புகுந்தது என்பர். மறுவருடம் நோய் முற்றவே, பங்குக் குரு வில்லியம் மொம்பெசனும், சமயக் கொள்கையின் பொருட்டுப் பதவியிழந்திருந்த முன்னைய குரு தோமஸ் ஸ்ரான்லியும் ஒருங்கு நின்று, ஊரெல்லையைக் கடவாதிருக்க மக்களை இணங்கச் செய்தனர். ஆலயக் கதவு அடைக்கப்பட்டது. வழிபாடு திறந்த பள்ளத்தாக்கில் நடந்தது. அயலூரார் எல்லையில் உணவு வைத்தனர். விலையாகிய நாணயங்கள் எல்லைக்கல்லின் குழிகளில் வினாகிரியுள் இடப்பட்டன.

ஏறக்குறைய 260 பேர் மாண்டனர். குருவின் மனைவி கதரீனும் அவருள் ஒருவர். அவரது கல்லறை ஆலய முற்றத்திலேயே இருக்கின்றது. ஓடியிருப்பின் சிலர் பிழைத்திருப்பர். நோயோ அயலெங்கும் பரந்திருக்கும். அதனை உணர்ந்தே அம்மக்கள் நின்றனர்.