சட்டைக் கையில் ஒரு பட்டை

என் மனைவி ஆங்கிலேயப் பெண். அவளுடைய அம்மாவின் தாத்தா, முதல் உலகப் போரின்போது பிரான்சில், படைப்பிரிவின் குத்துச்சண்டைச் சாம்பியனாக இருந்தாராம். வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை. ஆதாரம் என்று இருந்ததோ அஞ்சலட்டை அளவில், சீருடையில் நிற்கும் ஒரே ஒரு படம். எண்பது வயது மாமியார், கண்ணை மூடுவதற்குள் உண்மை தெரிய வேண்டும் என்றார்.

இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய பணிப்பதிவு இல்லை. 1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் போர் அலுவலகக் கிடங்கு எரிந்தபோது, அந்தப் போரின் சிப்பாய்களுடைய பதிவுகளில் பாதிக்கு மேல் சாம்பலாகிவிட்டன. தப்பியவை பதக்க அட்டைகள். அவற்றில் பெயர், பதவி, படைப்பிரிவு, எண் உண்டு. வயதும் ஊரும் பெரும்பாலும் இரா. எங்கள் பெயரில் நாற்பதுக்கு மேல் அட்டைகள்! நம்மூர் வாக்காளர் பட்டியலில் முருகேசனைத் தேடுவது போலத்தான்.

மறுபடி படத்தை எடுத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். தொப்பியில் சிறு பீரங்கி. ஆக, பீரங்கிப் படை. வலது முன்கையில் கூம்பு வடிவப் பட்டைகள். கடல்கடந்த சேவைக்கான இவை 1918 ஜனவரியில் வந்தவை. படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஒரு பட்டை மட்டும் கருத்திருந்தது. அக்கால ஒளிப்படங்களில் சிவப்பு கருமையாகவே விழும். சிவப்புப் பட்டை 1914லேயே போர்முனைக்குப் போனவர்களுக்கு உரியது. நாற்பது அட்டைகள் மூன்றாகக் குறைந்தன.

இடது முன்கையில் நெட்டுக்குத்தாக ஒரு சிறு கோடு. காயம்பட்டவர்களுக்கு 1916 முதல் தரப்பட்ட அடையாளம் அது. வீட்டில் யாரும் கவனித்ததில்லை.

2011இல் இணையத்துக்கு வந்த பிரிட்டிஷ் செய்தித்தாள் காப்பகத்தில் பெயரைத் தேடினால் பூச்சியம். அந்நாளைய குத்துச்சண்டைக்காரர் பலர் புனைபெயரில் ஆடினர். இராணுவத்தார் பதவியையே பெயரோடு ஒட்டிக்கொண்டனர். 'பம்பார்டியர்' பில்லி வெல்ஸ் அப்படித்தான் புகழ்பெற்றார். பழைய அச்சைக் கணினி தப்பாகப் படிப்பது வேறு. எனவே ஊரையும் 'கன்னர்' என்ற பதவியையும் சேர்த்துத் தேடினேன். 1917ஆம் ஆண்டு உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில், காயமுற்றோர் செய்தியில், இரு பெயர்களும் சேர்ந்தே கிடைத்தன. இடது முழங்கையில் குண்டுச் சிதறல்.

புனைபெயர் கிடைத்ததும் மற்றவை எளிது. போருக்கு முன் ஏழு ஆட்டங்கள், நான்கில் தோல்வி. 1917க்குப் பின் ஒன்றுமில்லை. சாம்பியன் பட்டம் எங்கும் காணோம்.

தயங்கித்தான் சொன்னேன். மாமியார் வெகுநேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தாத்தா இடது கையை எப்போதும் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருப்பார், அதை மிடுக்கு என்றே நினைத்திருந்தேன் என்றார்.